மூன்று மலைகளும் ஒரு விளக்கும்

செஞ்சி என்றதும் நம்மவர் நினைவுக்கு வருபவன் தேசிங்கு ராஜன்தான். 1714-ல் ஆர்க்காட்டு நவாபோடு போரிட்டு மாண்ட அந்த இளைஞனைக் கதைப்பாட்டு இன்னும் சாகவிடவில்லை. நல்லதுதான். ஆனால் ஒரு குதிரைவீரன் கிளப்பிய புழுதியில் மூன்று மலைகளின் கதை மறைந்துவிட்டதே என்பது என் வருத்தம்.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி: இம்மூன்றையும் இணைத்து முக்கோணமாக மதில் ஓடுகிறது. சிவாஜி 1677-ல் இக்கோட்டையைக் கைப்பற்றினார். அவர் மகன் ராஜாராம் 1689-ல் இங்கே அடைக்கலம் புகுந்தார். மறு ஆண்டு மொகலாயர் முற்றுகையிட்டனர்; கோட்டை விழுந்தது 1698-ல். எட்டு ஆண்டுகள்! ராஜாராமோ அதற்கு முன்பே தப்பிவிட்டார். அதே கோட்டையை 1750-ல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் பிடித்தார். ஏன் இந்த வேற்றுமை? மூச்சு வாங்க ராஜகிரியில் ஏறி நின்று பார்த்தாலும் விடை கிடைப்பதில்லை. பாறையும் வெயிலும்தான் தெரிகின்றன.

இங்கே பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி நமக்குத் துணைக்கு வருகிறார். 1668 முதல் அவருடைய கோட்டைகளை, வீடும் வயலும் மேடும் பள்ளமுமாக, அறுநூறில் ஒரு பங்கு அளவில் சிறிதாகச் செய்து வைத்தார்கள். மேஜையருகே நின்றபடியே முற்றுகைக்குத் திட்டம் போடலாம். ஆகவே அவை ராஜ ரகசியங்கள். இன்றோ பாரிஸ் காட்சிசாலையில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

செஞ்சிக்கும் அப்படி ஒன்று வேண்டும். ஆனால் எந்த ஆண்டுச் செஞ்சியைச் செய்வது? இக்காலத்தார் இதற்கும் வழி கண்டிருக்கிறார்கள். நிலத்தின் உருவத்தை மட்டும் வெள்ளையாக வார்த்து வைத்து, கூரையிலுள்ள புரொஜெக்டரால் தேசப்படத்தை அதன்மேல் ஒளியாக வீழ்த்துகிறார்கள். படத்தின் மேடுபள்ளங்கள் மாதிரியோடு இம்மியும் பிசகாமல் பொருந்தவேண்டும், அவ்வளவுதான். ஒரு பொத்தானை அழுத்தினால் 1690. எவ்வளவு நீண்ட மதிலை மொகலாயர் வளைக்க வேண்டியிருந்தது என்பது விளங்கும். மற்றொன்றை அழுத்தினால் 1750. தோற்று ஓடிவந்த படை ஒதுங்கியிருந்த இடமும், பிரெஞ்சுக்காரர் இருளில் மலையேறிய வழியும் விளங்கும். மலை மாறுவதில்லை, ஆண்டுகள்தான் அதன்மேல் விழுந்து விழுந்து மறைகின்றன.

2025-ல் யுனெஸ்கோ மராட்டியரின் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது. 11 மகாராஷ்டிரத்தில், எஞ்சிய ஒன்று நம் செஞ்சி. அங்கே தீபாவளிக்குக் குழந்தைகள் மண்ணால் கோட்டை கட்டிச் சிவாஜி பொம்மையை ஏற்றி வைக்கிறார்கள். நம் கொலுவில் மணல் மலை கட்டும் குழந்தைகள் செஞ்சியைக் கட்டி நான் பார்த்ததில்லை. வரும் நவராத்திரிக்கு அவர்களிடம் ஒரு கூடை மண்ணைக் கொடுத்து, மூன்று மலை கட்டச் சொல்லுங்கள். விளக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்!