ஜிஞ்சர் பியர்

இலங்கை மலையகத்து ஹட்டன் கடையில் ஜிஞ்சர் பியர் கேட்டால் எலிபன்ட் ஹவுஸ் சோடாதான் வரும். முதலில் இனிப்பு, பின்னால் தொண்டையில் காரம். வெறி மட்டும் கிடையாது. ஆனாலும் பெயரில் 'பியர்' இருப்பது பொய்யில்லை. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இஞ்சியையும் சீனியையும் தண்ணீரில் புளிக்க வைத்துத்தான் இதைச் செய்தார்கள். அதைப் புளிக்க வைக்கச் சேர்க்கும் கட்டியில் ஈஸ்டும் பாக்டீரியாவும் கூட்டாக வேலை செய்வதை 1892இல் விளக்கியவர் மார்ஷல் வார்ட். மலையகத்துக்கு இவர் அந்நியரல்லர்: 1880இல் கோப்பி இலைநோயை ஆராய இலங்கைக்கு வந்தவர். அந்த நோயில் கோப்பி அழிந்த இடத்தில்தான் தேயிலை ஏறியது.

'ஜிஞ்சர்' நம் பக்கத்துச் சொல்தான். இஞ்சிவேர் என்னும் திராவிடச் சொல் பாளியில் சிங்கிவேரம், கிரேக்கத்தில் ஸிங்கிபெரிஸ், லத்தீனில் ஸிங்கிபெர் என்று உருமாறி ஆங்கிலத்துக்குப் போனது. வடமொழியில் அது சிருங்கவேரம். சிருங்கம் என்றால் கொம்பு. கொம்பு வடிவக் கிழங்கு என்று பொருள் சொல்வார்கள். அழகான விளக்கம்தான், ஆனால் சொல் வந்து சேர்ந்த பிறகு பொருத்திய காரணம் போலவே படுகிறது. சிங்களத்தின் 'இங்குரு'வும் இதே குடும்பம். தோட்டத்தில் பிளேன்டீயில் தட்டிப் போடும்போது அது வெறும் இஞ்சி, வேர் உதிர்ந்துவிட்டது.