சீக்கியர் திருநூலில் நம் புராண மாந்தர்

பிரகலாதன், துருவன், விதுரர், திரௌபதி, இராவணன் என்னும் பெயர்களை அறியாதார் நம்மிடையே இலர். மலையகத் தோட்டங்களிலே காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் விடிய விடிய ஆடப்பெற்றதால், எழுத்தறியாத முதியோரும் புராண இதிகாசக் கதைகளை நெஞ்சிலே பதித்துக்கொண்டனர். இப்பெயர்கள் பஞ்சாபிலே தோன்றிய சீக்கியர் திருநூலிலும் விளங்குகின்றன என்பதை நம் வாலிப அன்பர்கள் அறிதல் நன்று.

சீக்கியரின் ஐந்தாம் குருவாகிய அர்ஜுன் தேவர் இந்நூலைத் தொகுத்து, 1604ஆம் ஆண்டில் அமிர்தசரஸ் கோயிலிலே எழுந்தருளச் செய்தார். பத்தாம் குருவாகிய கோவிந்த சிங், 1708ஆம் ஆண்டில், தமக்குப் பின் இந்நூலே குருவாகும் என அருளினார். குருமார் பாடல்களோடு பிற அடியார் பலரின் பாடல்களும் இதில் உள்ளன. அவருள் கபீர் நெசவாளர். ரவிதாசர் தோல் வேலை செய்தவர். நாமதேவர் மராட்டிய நாட்டுத் தையற்காரர். கையால் உழைத்து உண்ட இப்பெரியோர் புராணத்திலிருந்து எவற்றை எடுத்துக்கொண்டனர் என்பதே நாம் ஊன்றி நோக்கத்தக்கது.

துரியோதனன் மாளிகையை விடுத்து, ஏழை விதுரர் இட்ட கீரையைக் கண்ணபிரான் உவந்து உண்டதைக் கபீர் பாடுகிறார். பள்ளி சென்ற பாலன் பிரகலாதன், தன் பலகையில் இறைவன் பெயரையே எழுதித் தருமாறு ஆசிரியரிடம் கேட்டதையும் அவர் பாடுகிறார். தாழ்ந்த நிலையிலிருந்து உயர்ந்த வால்மீகி முனிவரைப் பாருங்கள் என்கிறார் ரவிதாசர். யானையைக் காத்து, திரௌபதியின் மானம் காத்து, அகலிகையைக் கரையேற்றிய பெருமானிடம், குலமற்ற தாமும் அடைக்கலம் புகுந்ததாக நாமதேவர் உருகுகின்றார்.

நம் இலங்கையும் அந்நூலில் உண்டு. கடலையே அகழியாகக் கொண்ட கோட்டையும் இலட்சம் புதல்வரும் பெற்ற இராவணன் வீட்டில் விளக்கேற்றவும் ஒருவர் எஞ்சவில்லை என்கிறார் கபீர். மாவலி, இரணியன், இராவணன், துரியோதனன், கம்சன் என்போரைச் செருக்கினால் வீழ்ந்தோர் வரிசையிலே வைக்கிறார் குரு நானக்.

ஒன்றை மறத்தலாகாது. இறைவன் பிறப்பில்லாதவன் என்பது அத்திருநூலின் தொடக்கத்திலேயே கூறப்படும் கொள்கை. புராண மாந்தர் அங்கே வழிபடுதற்குரியவராக வரவில்லை. அன்பின் உயர்வுக்கும் செருக்கின் அழிவுக்கும் சான்றாக வருகின்றனர். ஆகவே அதனை நம் சமய நூல் என்று உரிமை கொண்டாடுதல் முறையன்று. எனினும், சிவபெருமானைப் பிறப்பிலி என்று போற்றும் நமக்கு அக்கொள்கை புதிதன்று. கண்ணப்பரையும் திருநாளைப்போவாரையும் நாயன்மாராக வணங்கும் நமக்கு அவ்வடியார்களின் குரலும் அந்நியமன்று.

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களிலே கொழுந்து பறித்தும் இறப்பர்ப் பால் எடுத்தும் வாழ்ந்த குடும்பங்களின் மக்கள் நாம். விதுரர் வீட்டுக் கீரையின் சுவையை நமக்கு யாரும் விளக்க வேண்டுவதில்லை. அக்கதையைக் கேட்டுக் கண்ணீர் வடித்துவிட்டு, திருவிழாவிலே குலம் கேட்டு ஒருவரைப் பின்னே நிறுத்துவோமாயின், நாம் கதையைக் கேட்டும் கேளாதவரே. நெசவாளரும் தோல் தொழிலாளியும் கண்டு சொன்ன பொருளை நம் கோயில் வாசலிலே நடத்திக் காட்டுதல் வாலிபர் கடனாகும்.