மவுஸ் மக்கர் பண்ணுதா? ஜூப்பிட்டர் நோட்புக்கை கீபோர்டுலயே ஓட்டலாம்!

ராத்திரி 11 மணி. காலையில கொடுக்கவேண்டிய டேட்டா ஸ்டோரி பாதியில நிக்குது. அந்த நேரம் பார்த்து என் லேப்டாப்போட டச்பேட் உயிரை விட்டுடுச்சு. மவுஸ்? ஆபீஸ் டிராயர்ல நிம்மதியா தூங்கிட்டு இருந்துச்சு. எதிர்ல ஜூப்பிட்டர் நோட்புக், அதுல 40 செல், கையில கீபோர்டு மட்டும். வேற வழியில்லாம அன்னைக்குக் கத்துக்கிட்டதுதான் இந்தக் கட்டுரை.

டேட்டா சயின்ஸ் படிக்கிறவங்க, பைத்தான்ல புராஜெக்ட் பண்றவங்க எல்லாருக்கும் ஜூப்பிட்டர் பழக்கம்தான். ஆனா, நம்மில் பலர் ஒவ்வொரு முறையும் மேலே இருக்கும் ரன் பட்டனைத் தேடிப்போய் க்ளிக் பண்ணிட்டு இருக்கோம். அதுக்கு அவசியமே இல்லை.

முதல்ல ரெண்டு மோடு

எல்லா ஷார்ட்கட்டுக்கும் அடிப்படை இதுதான். ஜூப்பிட்டருக்கு ரெண்டு மோடு உண்டு. செல்லுக்குள்ளே கர்சர் மினுக்கிட்டு இருந்தா அது எடிட் மோடு. அங்கே எந்த எழுத்தைத் தட்டினாலும் அது கோடாக விழும். கர்சர் இல்லாமல் செல் மட்டும் தேர்வாகி இருந்தா அது கமாண்ட் மோடு. அங்கே ஒவ்வொரு எழுத்தும் ஒரு கட்டளை.

எடிட்ல இருந்து வெளியே வர எஸ்கேப். உள்ளே போக என்டர். இந்த ரெண்டு கீயும் கைக்குப் பழகிட்டா பாதிக் கிணறு தாண்டின மாதிரி.

ரன் பண்ண மூணு வழி

* ஷிஃப்ட் + என்டர்: செல்லை ரன் பண்ணிட்டு அடுத்த செல்லுக்குப் போகும்.
* கன்ட்ரோல் + என்டர்: ரன் பண்ணிட்டு அதே செல்லில் நிற்கும். ஒரே செல்லைத் திரும்பத் திரும்பத் திருத்திப் பார்க்க இதுதான் வசதி.
* ஆல்ட் + என்டர்: ரன் பண்ணிட்டு, கீழே புதுசா ஒரு காலி செல்லைத் திறக்கும். மேக்ல ஆல்ட்டுக்குப் பதில் ஆப்ஷன் கீ.

கமாண்ட் மோடில் ஒற்றை எழுத்து

* ஏ: மேலே புது செல். பி: கீழே புது செல். அபவ், பிலோனு ஞாபகம் வெச்சுக்கோங்க.
* டி ரெண்டு முறை: செல் டெலீட். (டெலீட்டோட முதல் எழுத்து.)
* இஸட்: டெலீட் ஆன செல்லைத் திரும்பக் கொண்டுவரும்.
* எக்ஸ், சி, வி: செல்லை கட், காப்பி, பேஸ்ட் பண்ண. கன்ட்ரோல் கீ வேண்டாம்.
* எம்: செல்லைக் குறிப்பு எழுதும் மார்க்டவுனா மாத்தும். ஒய்: திரும்பவும் கோடாக்கும்.
* ஜே கீழே, கே மேலே. அம்புக்குறி கீகளும் வேலை செய்யும்.

ஜே, கே எதுக்குனு தோணுதா? அதுக்குப் பின்னாடி ஒரு பழைய கதை இருக்கு. 1976-ல் பில் ஜாய் உருவாக்கிய வி.ஐ எடிட்டர்ல இருந்து வந்த வழக்கம் இது. அவர் பயன்படுத்திய ஏ.டி.எம்-3ஏ டெர்மினலில் தனி அம்புக்குறி கீ கிடையாது. ஹெச், ஜே, கே, எல் கீகளின் மேலேயே அம்புக்குறிகளை அச்சிட்டிருந்தாங்க. அந்தப் பழக்கம்தான் இன்னைக்கு உங்க பிரவுசர் வரைக்கும் வந்திருக்கு.

இங்கேதான் மாட்டிப்பீங்க!

ஷிஃப்ட் + என்டர் தட்டினதும் கீழே ஏற்கெனவே ஒரு செல் இருந்தா, நீங்க நிற்கிறது கமாண்ட் மோடில். அது தெரியாம 'எக்ஸ் = 5'னு டைப் பண்ண ஆரம்பிச்சா, முதல் எழுத்துலயே அந்த செல் கட் ஆகிடும். நான் அன்னைக்கு ராத்திரி இப்படி ஒரு செல்லைத் தொலைச்சிட்டு ஆடிப்போயிட்டேன். பதற்றம் வேண்டாம். இஸட் தட்டினா திரும்ப வந்துடும். டைப் பண்றதுக்கு முன்னாடி கர்சர் மினுக்குதானு ஒருமுறை பாருங்க, அது போதும்.

லூப் நிக்கலையா?

முடிவே இல்லாத லூப்ல மாட்டிக்கிட்டா, எஸ்கேப் தட்டிட்டு ஐ கீயை ரெண்டு முறை தட்டுங்க. ஓடுறது நிக்கும். அதுக்கும் அசையலைனா 0 ரெண்டு முறை. இது கெர்னலையே ரீஸ்டார்ட் பண்ணும். எழுதின கோடு அப்படியே இருக்கும். ஆனா, மெமரியில் இருந்த வேரியபிள்கள் எல்லாம் போயிடும். அதனால மேலே இருந்து திரும்ப ரன் பண்ணணும்.

எழுதும்போது உதவ

டேப் தட்டினா பாதி டைப் பண்ணின பெயரை அதுவே முடிச்சுக் கொடுக்கும். ஒரு ஃபங்ஷனோட அடைப்புக்குறிக்குள் நின்னு ஷிஃப்ட் + டேப் தட்டினா, அதுக்கு என்னென்ன கொடுக்கணும்னு குட்டிப் பெட்டி வரும். கன்ட்ரோல் + சாய்கோடு அந்த வரியை கமென்ட் ஆக்கும். கன்ட்ரோல் + எஸ், சேவ். மேக்ல இந்த ரெண்டுக்கும் கன்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட் கீ.

கூகுள் கோலாப்ல?

பெரும்பாலான ஒற்றை எழுத்துக் கட்டளைகளுக்கு முன்னால் கன்ட்ரோல் + எம் சேர்த்துக்கோங்க. அதாவது கன்ட்ரோல் + எம் தட்டிட்டு ஏ, பி அல்லது டி. டெலீட்டுக்கு இங்கே ஒரு டி போதும். முழுப் பட்டியலும் வேணும்னா கன்ட்ரோல் + எம் தட்டிட்டு ஹெச்.

எப்படிப் பழகலாம்?

எல்லாத்தையும் ஒரே நாள்ல மனப்பாடம் பண்ண வேண்டாம். முதல் வாரம் எஸ்கேப், என்டர், ஷிஃப்ட் + என்டர் மட்டும். அடுத்த வாரம் ஏ, பி, டி டி, இஸட். அதுக்கப்புறம் மத்தது. மவுஸைக் கண்ணுல படாத இடத்துல வெச்சுட்டா இன்னும் சீக்கிரம் பழகும்.

இது ஸ்டைலுக்காக இல்லை. நாள் முழுக்க மவுஸைப் பிடிச்சு மணிக்கட்டு வலிக்கிறவங்களுக்கு இது ஓய்வு. (வலி தொடர்ந்தா டாக்டரைப் பார்த்துடுங்க.) கை நடுக்கம் இருக்கிறவங்க, பாயின்ட்டரைக் கண்ணால தொடர முடியாதவங்க பலருக்கும் கீபோர்டுதான் வழியே.

அந்த ஸ்டோரி? விடியற்காலை நாலு மணிக்கு முடிஞ்சது. மறுநாள் மவுஸ் கைக்கு வந்துடுச்சு. ஆனா, நோட்புக்கைத் திறந்தா கை இப்பவும் முதல்ல எஸ்கேப் கீக்குத்தான் போகுது.