அரசமைப்பு முகப்புரையில் 'நாம்': ஒரு மொழியியல், வரலாற்று நோக்கு

இந்திய அரசமைப்பின் முகப்புரை தமிழில் 'இந்திய மக்களாகிய நாம்' எனத் தொடங்குகின்றது. ஆங்கில மூலத்திலும் இந்தியிலும் தன்மைப் பன்மைக்கு ஒரே வடிவம் உள்ளது. தமிழிலோ கேட்போரை உட்படுத்தும் 'நாம்', விலக்கும் 'நாங்கள்' என இரண்டு உள்ளன. எனவே மூலம் கூறாது விட்ட ஒன்றை மொழிபெயர்ப்பாளர் முடிவு செய்தே ஆகவேண்டும். அம்முடிவின் பொருளை இக்கட்டுரை ஆராய்கின்றது.

இவ்வேறுபாடு உடைய பிற இந்திய மொழிகள் ஒரே வழியிற் செல்லவில்லை. மலையாளம் தமிழைப் போன்று 'நாம்' என்றே கொண்டது. தெலுங்கு, 'மனமு' என்பதை விடுத்து 'மேமு' என்னும் விலக்கு வடிவத்தை ஏற்றது. மராத்தியின் 'ஆம்ஹீ', குசராத்தியின் 'அமே' ஆகியனவும் விலக்கு வடிவங்களே. மின்னி பே அமைந்துள்ள அந்தமான் தலைநகரில் தமிழரும் தெலுங்கரும் ஒருங்கே வாழ்கின்றனர். ஒரே ஆவணம் அவ்வூரில் ஒருவரைக் கேட்போராகவும் மற்றவரை உடன் உரைப்போராகவும் கொள்வது எண்ணத்தக்கது.

விலக்கு வடிவத்தைப் பிழையெனத் தள்ளுதல் இயலாது. முகப்புரையை உலகோர்க்கு விடுக்கும் அறிவிப்பாகக் கருதின் அதுவே பொருந்தும். ஆயின் முகப்புரையின் இறுதி வேறொன்றை உணர்த்துகின்றது. கொடுப்போரும் பெறுவோரும் அங்கு ஒருவரே. 'நமக்கு நாமே' என்னும் தமிழ் வடிவம் இதனைத் தெளிவாக்குகின்றது.

தமிழ் இலக்கண மரபு இங்கு ஒரு சிக்கலையும் காட்டுகின்றது. நன்னூல் அம், ஆம் ஈறுகளை முன்னிலையாரை உளப்படுத்துவனவாகவும், எம், ஏம், ஓம் ஈறுகளைப் படர்க்கையாரை உளப்படுத்துவனவாகவும் பகுக்கும். இக்காலத் தமிழில் ஓம் ஈறு இரண்டிற்கும் பொதுவாயிற்று. ஆதலின் வினைமுற்று மட்டும் நின்றால் வேறுபாடு புலப்படாது. பெயரே அதனைத் தாங்குகின்றது. எழுவாயை விடுத்து மொழிபெயர்க்கும் பழக்கம் இத்தகைய ஆவணங்களிற் பொருந்தாமைக்கு இதுவே காரணம்.

'நாம்' என்பதற்கு மற்றொரு வரலாறும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டில் முதலாம் இராசராசன் தன்னொருவனையே 'நாம்' எனக் குறிக்கின்றான். அரசனின் பெருமைப் பன்மையாக நின்ற சொல் குடியரசில் மக்களின் எண்ணுப் பன்மையாயிற்று. ஆணையிடுவோன் சொல்லை ஆளப்பட்டோர் ஏற்றனர் எனலாம்.

இச்சொல் நடைமுறையில் எவரை உட்படுத்தியது? 1949 நவம்பர் 26 அன்று அரசமைப்பு ஏற்கப்பட்டது. அரசியல் நிருணய சபைக்கு உறுப்பினரை அனுப்பிய பகுதிகளுள் அந்தமான் நிக்கோபார் தீவுகள் இடம்பெறவில்லை. 1950 சனவரி 26 அன்று அரசமைப்பு நடைமுறைக்கு வந்தபோது முதல் அட்டவணையின் 'ஈ' பகுதியில் (ஆங்கிலத்தில் 'டி' பகுதி) இத்தீவுகள் மட்டுமே இருந்தன. 1956ஆம் ஆண்டின் ஏழாம் திருத்தம் இவற்றை ஒன்றியத்து ஆட்சிப்பகுதி ஆக்கியது. ஆயினும் மக்களவை உறுப்பினரைக் குடியரசுத் தலைவரே நியமித்து வந்தார். 1952இல் நிக்கோபாரைச் சார்ந்த பேராயர் ஜான் ரிச்சர்ட்சன் அவ்வாறு நியமிக்கப்பட்டார். தீவு மக்கள் தம் உறுப்பினரை வாக்களித்துத் தேர்ந்தது 1967இல்தான்.

இதனால் 'நாம்' பொய்யாயிற்று எனக் கொள்ளலாமா? அன்று அவையில் இருந்தோரை மட்டும் சுட்டுவதாயின் 'நாங்கள்' என்பதே துல்லியமான சொல். அவ்வாறு மொழிபெயர்த்திருப்பின் தீவினரும், பின் பிறந்தோர் அனைவரும், பிறர் இயற்றியதைக் கேட்போராகவே நின்றிருப்பர். 'நாம்' என்பதோ படிப்பவரை ஆவணத்தின் ஆக்கியோருள் ஒருவராக்குகின்றது. விடுபட்டவர் தம் உரிமையைக் கேட்பதற்கு அதுவே இலக்கணச் சான்றாகின்றது. பதினேழு ஆண்டுகள் பிந்திய வாக்குரிமை அச்சொல்லுக்கு அளிக்கப்பட்ட ஈடாகும்.

ஆகவே அரசியல் ஆவணங்களை மொழிபெயர்ப்போர் கலைச்சொற்களுக்குச் செலுத்தும் கவனத்தை மூவிடப் பெயர்களுக்கும் செலுத்துதல் வேண்டும். இறையாண்மை எவருக்கு உரியது என்பதை அப்பெயர்களே உணர்த்துகின்றன.