தேவிகுளம் சட்டமன்றத் தொகுதி

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி மூணாறு தேயிலைத் தோட்டங்களை உள்ளடக்கிய சட்டமன்றத் தொகுதி. பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதி. வாக்காளர்களில் தமிழ் பேசும் தோட்டத் தொழிலாளர் கணிசமானோர்.

இத்தொகுதியின் வரலாறு எல்லைச் சிக்கலிலிருந்து பிரிக்க இயலாதது. 1954 திருவிதாங்கூர்-கொச்சித் தேர்தலில், தமிழ்ப் பகுதிகளைச் சென்னை மாநிலத்துடன் இணைக்கக் கோரிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் 12 இடங்களை வென்றது. இவற்றுள் தேவிகுளமும் அடங்கும். எனினும் மாநில மறுசீரமைப்புக்கான பசல் அலி ஆணையம் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களில் தமிழர் பெரும்பான்மையினர் என்பதை ஏற்றபோதும், அவர்களுள் பலர் குடிபெயர்ந்த தோட்டத் தொழிலாளர் என்று கருதி, இரு வட்டங்களையும் கேரளத்திலேயே நிறுத்தப் பரிந்துரைத்தது. தோட்டங்களிலேயே தலைமுறைகளாக வாழ்ந்தோரின் உரிமைக்கு இதில் உரிய எடை தரப்படவில்லை. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. அதே நாளில் பாலக்காடு உள்ளிட்ட மலபார் கேரளத்துக்குச் சென்றது.

1957இல் தேவிகுளம் இரட்டை உறுப்பினர் தொகுதி. இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் ரோசம்மா புன்னூஸ் வென்றார். அவ்வெற்றி செல்லாதென அறிவிக்கப்பட்டதால், 1958 இடைத்தேர்தலில் மீண்டும் வென்றார். 1972இல் இடுக்கி மாவட்டம் உருவானபோது இத்தொகுதி கோட்டயம் மாவட்டத்திலிருந்து அதற்கு மாறியது. 2006 முதல் 2016 வரை மார்க்சிஸ்ட் கட்சியின் எஸ். ராஜேந்திரன் மும்முறை வென்றார். 2021இல் வென்ற அக்கட்சியின் அ. ராஜா தமிழில் உறுதிமொழி ஏற்றார். தனித்தொகுதியில் போட்டியிட அவருக்குள்ள தகுதி குறித்த வழக்கில் 2023இல் கேரள உயர்நீதிமன்றம் அவர் வெற்றியை ரத்துசெய்தது. 2025 மே மாதம் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது.