வெண்கலத்தில் உழைப்பு: தேவிபிரசாத் ராய் சௌத்ரியும் சிலைப் பெயர்களும்

சென்னை மெரினாக் கடற்கரையின் வடபகுதியில் 1959 சனவரி 25இல் திறந்துவைக்கப்பெற்ற வெண்கலத் தொகுதி ஆங்கிலத்தில் 'டிரயம்ப் ஆஃப் லேபர்' என வழங்கும். இதனை நேராகப் பெயர்த்தால் 'உழைப்பின் வெற்றி' என்றாகும். எனினும் தமிழ் மக்களிடையே நிலைத்த பெயர் 'உழைப்பாளர் சிலை' என்பதே. வெற்றி மறைந்தது, உழைப்பு என்னும் தொழிற்பெயரின் இடத்தில் உழைப்போரைச் சுட்டும் உயர்திணைப் பெயர் வந்தமைந்தது.

இதனைப் படைத்த தேவிபிரசாத் ராய் சௌத்ரி (1899-1975) இன்றைய வங்கதேசத்தின் ரங்பூர்ப் பகுதியிற் பிறந்தவர். அவனீந்திரநாத் தாகூரிடம் ஓவியமும், ஹிரண்மய் ராய் சௌத்ரியிடம் சிற்பமும் பயின்றார். 1929இல் சென்னைக் கலைப்பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் இவரே. 1957 வரை அப்பொறுப்பில் இருந்தார். கே.சி.எஸ். பணிக்கர், எஸ். தனபால் ஆகியோர் இவர்தம் மாணவர். 1954இல் அமைந்த லலித் கலா அகாதெமியின் முதல் தலைவராகவும் விளங்கினார். 1942இல் பாட்னாவில் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையான ஏழு மாணவர்க்கான நினைவுச் சிலைத் தொகுதியும், மெரினாவில் நடைகொண்ட காந்தியடிகளின் உருவும் இவருடைய பெரும்பணிகளுட் சில.

உழைப்பாளர் தொகுதியில் நால்வர் நெம்புகோல் கொண்டு பாறையைப் பெயர்க்க முயல்கின்றனர். பாறை இன்னும் பெயரவில்லை. முறுகிய தசையும் வளைந்த முதுகும் முயற்சியை மட்டுமே காட்டுகின்றன. வெற்றிக்கான குறி உருவில் யாண்டும் இல்லை. இவ்வகையில் நோக்கின், மக்கள் இட்ட பெயர் ஆங்கிலத் தலைப்பைவிடப் படைப்புக்கு நெருக்கமானது எனலாம். மொழிபெயர்ப்பாளர் தலைப்பைப் பெயர்த்திருப்பார். மக்கள் கண்டதைப் பெயர்த்தனர்.

பெயரின் பிற்பாதியும் ஆராயத்தக்கது. 'சிலை' கல்லைக் குறிக்கும் வடசொல்லின் வழிவந்தது. வேர்ப்பொருள் நோக்கின் 'வெண்கலச் சிலை' முரண்தொடர். வழக்கில் அம்முரண் எவர்க்கும் உறுத்துவதில்லை. இடைக்கால மரபோ வேறு. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகள் உலோக உருவைத் 'திருமேனி' என்கின்றன. உட்கெட்டியான வார்ப்பைக் 'கனம்' என்றும், உட்குழிவானதைப் 'பொள்ளல்' என்றும் பிரிக்கின்றன. சுவாமிமலை ஸ்தபதியர் மெழுகில் உருச்செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வடித்து, உலோகம் வார்ப்பர். ராய் சௌத்ரியோ களிமண்ணில் உருவமைத்து அச்செடுக்கும் ஐரோப்பிய முறையினர். அவருடைய பெருவடிவங்கள் பொள்ளல் வகையின. இன்றைய கலை நூல்களை மொழிபெயர்ப்போர் இவ்விரு பழஞ்சொற்களை மீட்டெடுத்தால் நீண்ட விளக்கத் தொடர்கள் தேவைப்படா.

தமிழ்-தெலுங்குப் பெயர்ப்பில் இச்சிக்கல் வேறு வடிவில் எழுகிறது. ஐதராபாத் உசேன் சாகர் ஏரிக்கரையில், என்.டி. ராமராவ் ஆட்சிக்காலமாகிய 1980களில், தெலுங்குச் சான்றோர் பலர்க்கு வெண்கல உருவங்கள் நிறுவப்பெற்றன. பாரதத்தைத் தெலுங்கிற் கொணர்ந்த நன்னய்யா, திக்கன்னா, எர்ரன்னா மூவரும் அவ்வரிசையில் உளர். இவற்றைத் தெலுங்கர் 'விக்ரஹம்' என்பர். கோயில் இறையுருவுக்கும் தெருவோரத் தலைவர் உருவுக்கும் அவர்களிடம் அச்சொல் பொது. தமிழில் 'விக்கிரகம்' வழிபாட்டுருவுக்கே உரியது. 'நன்னய்யா விக்கிரகம்' என அப்படியே எழுதினால், அக்கவிஞர்க்குக் கோயில் உண்டு எனத் தமிழ் வாசகர் மயங்குவர். மறுதலையாகத் தமிழ்ச் 'சிலை'யைத் தெலுங்கில் 'சில' என ஒலிபெயர்ப்பின் அங்கு அது கல்லையும் பாறையையுமே குறிக்கும். உழைப்பாளர் சிலைக்கும் தெலுங்கில் 'விக்ரஹம்' என்பதே வேண்டும்.