சிப்பிப்பாறை நாய்: பழவேற்காட்டுக் கரையில் வளர்ப்பு

சிப்பிப்பாறை தமிழ்நாட்டின் நாட்டு வேட்டைநாய் இனங்களுள் ஒன்று. விருதுநகர் மாவட்டத்துச் சிப்பிப்பாறை என்னும் சிற்றூரின் பெயரால் அழைக்கப்படுகிறது. தென்மாவட்டக் கரிசல் காடுகளில் முயல் விரட்டவும், தோட்டத்துக்கும் வீட்டுக்கும் காவலாகவும் வளர்க்கப்பட்டது. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபுவளப் பணியகம் ராஜபாளையம், முதோல் ஆகியவற்றோடு இதையும் தனி இனமாகப் பதிவு செய்துள்ளது. கறுப்பு உடலில் பழுப்புத் திட்டுகள் கொண்ட கன்னி நாயைச் சிலர் தனி இனமாகவும், சிலர் இதன் நிறவகையாகவும் கருதுகின்றனர். மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ (2018) படத்தில் வந்த கருப்பி என்னும் நாய் வழியாகத் தென்னாட்டு வேட்டைநாய் நகரத்தாருக்கும் அறிமுகமாயிற்று.

நீண்ட முகம், ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு, மெலிந்த நெடுங்கால்கள், சாட்டை வால் ஆகியவை இதன் அடையாளங்கள். ஆண் நாய் ஏறத்தாழ 63 செ.மீ. உயரமும் பெட்டை 56 செ.மீ. உயரமும் இருக்கும். சந்தனம், செவலை, மயிலை, கறுப்பு ஆகிய நிறங்களில் காணப்படும். விலாவெலும்பு லேசாகத் தெரிவது இதற்கு இயல்பு. அதைப் பட்டினி என்று எண்ணி ஊட்டி ஊட்டிக் கொழுக்க வைப்பது இந்த நாய்க்குச் செய்யும் பெருந்தீங்கு.

மோப்பத்தைவிடக் கண்ணை நம்பும் இனம் இது. தொலைவில் ஒன்று அசைந்தாலே போதும், பாய்ந்துவிடும். ஓட்டம் தொடங்கிய பின் வளர்த்தவர் குரலும் காதில் ஏறாது. இதைப் பிடிவாதம் என்று சொல்லி அடிப்பவர்கள் உண்டு. அது தவறு. இரையின் மீது மட்டுமே கவனம் வைத்து, ஏவலை எதிர்பாராமல் தானே முடிவெடுத்து ஓடும் நாய்களையே வேட்டைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்தார்கள். அடி வாங்கும் சிப்பிப்பாறை ஒடுங்கிப் போகும். பழக்க வேண்டிய விதம் பொறுமையும் தீனியுமே. வீட்டாரிடம் ஆழ்ந்த பற்று வைக்கும், அந்நியரிடம் ஒதுங்கி நிற்கும்.

பழவேற்காட்டுக்குத் தெற்கே மீஞ்சூர் வட்டாரத்தில் இந்த நாயை வளர்ப்பவருக்கு முதல் கவலை சாலை. காட்டுப்பள்ளி, எண்ணூர்த் துறைமுகங்களுக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் இரவு பகலாக ஓடுகின்றன. நாயை அவிழ்த்துவிட்டு நடத்திச் செல்லும் பேச்சுக்கே இடமில்லை. ஆறடிச் சுற்றுச்சுவரோ வலைவேலியோ உள்ள மனையில் காலையும் மாலையும் முழுவேகத்தில் ஓடவிட வேண்டும். வெயில் ஏறுமுன் முடித்துவிடுவது நல்லது. கயிற்றில் பிடித்து நடத்துவது உடலுக்கு உதவும், ஆனால் ஓட்டத்துக்கு ஈடாகாது. நாளெல்லாம் கட்டிப்போட்ட நாய் ஊளையிடும், மண்ணைத் தோண்டும், கிடைத்ததையெல்லாம் கடித்துக் குதறும். மார்பு ஆழ்ந்த நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டென்பதால் உணவுக்குப் பின் ஒரு மணி நேரமாவது ஓடவிடக் கூடாது.

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் வேறு தொல்லைகள் சேர்கின்றன. உப்புத் தண்ணீரைக் குடித்தால் வாந்தியும் கழிச்சலும் வரும். வலையிலிருந்து உதறி மணலில் எறியப்படும் பேத்தை மீன் கொடிய நஞ்சு. நாய் அதைத் தின்றால் உயிர் போகலாம். தூண்டில் முள் சிக்கிய மீன்கழிவும் அப்படியே. குட்டையான ரோமத்தில் உண்ணி எளிதில் கண்ணுக்குப் படும் என்பது ஒரு வசதி. நாள்தோறும் காதுமடலையும் விரலிடுக்கையும் தடவிப் பார்த்தால் உண்ணிக் காய்ச்சலைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். வெறிநாய்க்கடித் தடுப்பூசியை முதலில் மூன்று மாத வயதிலும், பின்னர் கால்நடை மருத்துவர் சொல்லும் இடைவெளியிலும் போட வேண்டும்.

ஆனால் இந்தக் கரைக்கே உரிய பெரிய பொறுப்பு பறவைகளைப் பற்றியது. பழவேற்காடு ஏரியின் தமிழகப் பகுதி 1980 முதல் பறவைகள் சரணாலயம். குளிர்காலத்தில் பூநாரைகளும் உள்ளான்களும் ஆழமில்லாத சேற்றுநீரில் கூட்டமாக மேய்கின்றன. ஒரு நாய் ஓடினாலே கூட்டம் முழுதும் எழும்பும். நெடுந்தூரம் பறந்து வந்த பறவை, தேறுவதற்குத் தின்ற இரையின் வலுவை அப்படி எழும்பிப் பறப்பதில் இழக்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை கடற்கரை மணலில் பங்குனி ஆமைகள் முட்டையிடும். நாய்கள் அந்த முட்டைகளைத் தோண்டித் தின்பது தெரிந்ததே. ஆகவே ஏரி ஓரத்திலும் கடல் மணலிலும் இந்த நாயைக் கயிற்றிலிருந்து விடவே கூடாது.

முயல் வேட்டை நம் மரபு என்று சொல்லி நாயை ஏவுவோர் ஒன்றை அறிய வேண்டும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்பதற்குத் தரும் விளக்கத்தில், கொல்வதோடு பிடிப்பதும் விரட்டுவதும் அடங்கும். நாட்டு முயல் அச்சட்டத்தின் பாதுகாப்பில் உள்ள உயிர். அதை நாயை விட்டு விரட்டுவது தண்டனைக்குரிய குற்றம்.